அறிக்கையில் விடுபட்ட பதினான்கு நிமிடம்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். கோத்தகிரியில் இருந்து குன்னூர் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு சிறிய அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நான் நர்சிங் சூப்பிரண்டாக இருந்தேன். மொத்தம் முப்பது படுக்கை. ஒரு பிரசவ வார்டு, ஒரு சின்ன ஆபரேஷன் தியேட்டர், ஒரு ஜீப்.

இலை பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் செடியைக் கவாத்து வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் இரண்டு மூடிவிட்டன. மூடாதவை முதலில் கைவைத்தது தங்கள் சொந்த டிஸ்பென்சரிகளில்தான். அங்கே காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். நோயாளிகள் கூடினார்கள். டாக்டர்கள்தான் நிற்கவில்லை. மூன்று வருடத்தில் நான்கு டாக்டர்கள் மாறினார்கள். குளிர், தனிமை, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நிலையாக இருப்பது நர்சுகள்தான், அவர்களைத் தலைமைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று அறக்கட்டளை முடிவு செய்தது. நல்ல முடிவுதான். என்னை ஐந்து நாள் பயிற்சிக்குக் கீழே சமவெளிக்கு அனுப்பினார்கள். என்னைப் போலச் சிறிய ஆஸ்பத்திரிகளில் இருந்து வந்த நர்சுகள் இருபது பேர் இருந்தோம். எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. வேலையில் இருபது வருடம். யாரும் என்னை அதுவரை 'தலைவர்' என்ற சொல்லால் அழைத்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் போர்டில் ஒரு படிக்கட்டு வரைந்தார்கள். கீழே ஆயா, அதற்கு மேல் ஸ்டாஃப் நர்ஸ், அதற்கு மேல் சூப்பிரண்டு, உச்சியில் டாக்டர். தகவல் படிப்படியாக ஏற வேண்டும், படிப்படியாக இறங்க வேண்டும் என்றார்கள். கீழே இருப்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது பற்றி ஒரு முழு நாள் வகுப்பே நடந்தது. என் நோட்டில் அதுவும் எழுதியிருக்கிறது. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது என் மனதில் இருந்தது படிக்கட்டு மட்டும்தான்.

ஏனென்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யார் வேண்டுமானாலும் வராந்தாவில் நின்று "டாக்டர்!" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது சந்தைக்கடை போலப் பட்டது. திரும்பி வந்த வாரத்திலேயே புதிய ஒழுங்கைக் கொண்டு வந்தேன். ஆயா ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் என்னிடம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் நான் சொல்வேன். ஒரு அட்டையில் படிக்கட்டு வரைந்து சாப்பாட்டு ஹாலில் ஒட்டினேன். வார்டு அமைதியானது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிரசவ வார்டில் ஒரு பெண் வேலை செய்தாள். வயது முப்பதுகூட இருக்காது. ஆனாலும் அந்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஆயா என்றுதான் பெயர். அவள் குடும்பம் இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்தவர்கள். அவளும் இலை பறித்துக்கொண்டிருந்தவள்தான். எஸ்டேட் மூடியதும் எங்களிடம் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் நோயாளியைப் பார்த்தபடியே தரை துடைப்பாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துத் துடைப்பார்கள்.

புதிய ஒழுங்கு வந்த சில நாட்களில் அவள் நேராக டாக்டர் அறைக்கு ஓடினாள். பக்கத்து வார்டில் ஒரு பெரியவர் முகம் சரியில்லை என்றாள். டாக்டர் போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை, மனிதர் பல் செட்டைக் கழற்றி வைத்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வராந்தாவில் மற்ற ஆயாக்கள் முன்னால் அவளை நிறுத்தி, "படிக்கட்டுன்னு ஒண்ணு எதுக்கும்மா போட்டிருக்கு? எட்டிக் குதிக்கறதுக்கா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே வரலீங்க" என்றாள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததுதான் இது.

அறக்கட்டளையின் செகரட்டரி கோயமுத்தூரில் இருந்து வந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இந்த ஆஸ்பத்திரியைப் படுக்கை வசதியோடு தொடர்வதா, அல்லது வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும் கிளினிக்காகச் சுருக்கிவிடுவதா என்ற பேச்சு அப்போது இருந்தது. பயிற்சியால் பலன் உண்டா என்று பார்க்கத்தான் அவர் வந்தார். அவருக்காக மதியம் இரண்டரை மணிக்குச் சாப்பாட்டு ஹாலில் ஊழியர்களுக்கு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தேன். வார்டில் இருப்பவர்களைத் தவிர எல்லோரும் வந்தார்கள். டாக்டர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். செகரட்டரி முதல் வரிசையில். தலைப்பு, குழுவாக வேலை செய்வது.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. இரண்டாவது குழந்தை. சிக்கல் இல்லாத பிரசவம். வார்டில் அப்போது ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாள். கூடலூர்ப் பக்கத்துப் பெண், படிப்பை முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரையும் வகுப்புக்கு இழுத்துக்கொண்டதால் பதினெட்டு நோயாளிகளையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஹாலின் கதவு பாதி திறந்தது. அந்த ஆயா நின்றாள். படுக்கை விரிப்புகள் வைக்கும் லினன் அறைச் சாவி என்னிடம் இருந்தது. அதற்காக அவள் அடிக்கடி வருவாள். அன்றும் அதற்குத்தான் என்று நினைத்தேன். செகரட்டரி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்த எனக்கு மனமில்லை. உள்ளங்கையைக் காட்டி 'இரு' என்று சைகை செய்தேன். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

நான் தொடர்ந்து பேசினேன். நன்றாகப் பேசியதாக நினைவு. ஒரு இடத்தில் செகரட்டரி தலையசைத்தார்.

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை அவள் நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வரிசைகளுக்கு நடுவே நேராக டாக்டரிடம் போனாள்.

"டாக்டரய்யா, காலையில பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. வாங்க."

டாக்டர் எழுந்துவிட்டார். அந்த நேரத்தில் நான் கேட்ட கேள்வி எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

"முதல்ல ஸ்டாஃப் நர்ஸ்கிட்ட சொன்னியா?"

அவள் திரும்பினாள். "சொன்னேன். உங்ககிட்டயும் வந்தேன்."

கடிகாரத்தில் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. பிறகு நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கேட்டாள். கை ஐஸ் போல இருந்தது. டாக்டர் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு கல் போல இறுகியிருக்க வேண்டிய கருப்பை பிசைந்த மாவு போலத் தளர்ந்திருந்தது. அதன் பிறகு எனக்கு யோசிக்க நேரமில்லை. இருபது வருடப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினோம். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். ஊசி போட்டோம். நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே தியேட்டர் வரை கூட நடந்தேன். நஞ்சுக்கொடியின் ஒரு சிறு துண்டு உள்ளே தங்கியிருந்தது. டாக்டர் அதை எடுத்தார். ரத்தப்போக்கு நின்றது.

ஊட்டியில் இருந்து ஜீப்பில் ரத்தம் வந்து சேர்ந்தபோது மாலை ஆறு மணி. இரண்டாவது பை ஏறி முடிந்ததும் அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. குழந்தையைக் கேட்டாள்.

அவள் கணவன் எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். ஃபேக்டரி நின்ற பிறகு சோலூர்ப் பக்கம் கேரட் பிடுங்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். செய்தி தெரிந்து, முழங்கால் வரை மண்ணோடு வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்ததும் கைகூப்பினான்.

"எல்லாரும் சேந்து எம் பொண்டாட்டியக் காப்பாத்திட்டீங்க சிஸ்டர்."

"போய் குழந்தையைப் பாருங்க" என்றேன்.

செகரட்டரி அன்று இரவு ஆஸ்பத்திரி விருந்தினர் அறையிலேயே தங்கினார். படுக்கப் போகும் முன் என்னிடம், "ஏனுங்க சிஸ்டர், நடந்ததை எழுதிக் குடுத்துருங்க. யாரு மேல தப்புன்னு தெரியோணுமல்லங்க. காலையில நான் கெளம்பறதுக்குள்ள வேணும்" என்றார்.

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எழுதினேன். மதியம் 2.35 மணியளவில் ஆயா ரத்தப்போக்கு குறித்து ஸ்டாஃப் நர்ஸிடம் தெரிவித்தார். ஸ்டாஃப் நர்ஸ் உடனடி நடவடிக்கை எடுக்கவில்லை. 3 மணியளவில் டாக்டருக்குத் தகவல் தரப்பட்டது. அரைப் பக்கம் வந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண் ஏற்கெனவே வீங்கியிருந்தது. "ஆயா வந்து சொல்றதுக்குப் பதினஞ்சு நிமிஷம் முந்திதான் பிரஷர் பாத்தேன் சிஸ்டரே. நார்மலா இருந்துச்சு. மத்தவங்களுக்கு ஊசி போட்டு முடிச்சிட்டு வரேன்னு சொன்னேன்" என்றாள். பிறகு படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். வேலை போய்விடும் என்று முடிவு செய்து, ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏழு மணிக்கு ஆயா டியூட்டிக்கு வந்தாள். அவளும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை நீட்டி இடத்தைக் காட்டினேன். அவள் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து படித்தாள்.

"இதுல நான் வாசல்ல வந்து நின்னது இல்லீங்களே சிஸ்டர்."

"அது பெரிய விஷயமில்லம்மா. வகுப்பு நடந்துட்டு இருந்துச்சு. நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியல. சின்ன சிஸ்டர் உடனே வந்து பார்த்திருக்கோணும். அதுதான் விஷயம்."

"உங்களுக்குப் பெருசு இல்லீங்க. எனக்குப் பெருசு." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "இதப் படிச்சா, சின்ன சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு மூணு மணி வரைக்கும் நான் சும்மா கையக் கட்டிக்கிட்டு நின்ன மாதிரி இருக்கு. நான் சும்மா நிக்கல. ரெண்டு தரம் துணி மாத்தினேன். ஒங்ககிட்ட வந்தேன். நீங்க கையக் காட்டினீங்க."

"அப்ப உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே? ஏன் நின்னே?"

"போன மாசம் டாக்டர்கிட்ட ஓடினப்ப என்ன சொன்னீங்க?"

பேனாவை மறுபடி நீட்டி, கடைசி வழியாக, "கையெழுத்துப் போடலைன்னா செகரட்டரி உன்னைத்தான் கேப்பாரு. நீ இன்னும் நிரந்தரம்கூட ஆகலை" என்றேன். மிரட்டலாகச் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன். மிரட்டல்தான்.

"கேக்கட்டுங்க. நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டட்டும். தோட்டமே நிப்பாட்டிருச்சு, நாங்க செத்தா போயிட்டோம்?"

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் அது.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரிய மனமாற்றம் எதுவும் நிகழவில்லை. முதலில் அவள் மேல் கோபம்தான் வந்தது. பிறகு, செகரட்டரி அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவள் நடந்ததை அப்படியே சொல்வாள், நான் மறைத்தது தெரிந்துவிடும் என்ற பயம் வந்தது. அதற்கும் பிறகுதான் வெட்கம். அந்த வரிசையில்தான் வந்தன. அதை மாற்றிச் சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

புதிதாக ஒரு காகிதம் எடுத்து, மறுபடி எழுதினேன். இரண்டே முக்காலில் இருந்து மூன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும் வரை, பதினான்கு நிமிடம் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது நான் என்று எழுதினேன். ஒரு மாதத்துக்கு முன் அவளைத் திட்டியதையும் எழுதினேன். பதினெட்டு நோயாளிகளுக்கு ஒரே நர்ஸை விட்டுவிட்டு மற்றவர்களை வகுப்பில் உட்கார வைத்ததையும் எழுதினேன். இந்த முறை ஒன்றரைப் பக்கம் வந்தது.

எட்டரை மணிக்கு, செகரட்டரி கிளம்பும் முன், சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் வரச் சொன்னேன். வார்டுக்கு இரண்டு நர்சுகளை விட்டுவிட்டேன். சுவரில் படிக்கட்டு அட்டை இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று, எழுதியதைப் படித்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ஆயா பின்வரிசையில், சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

படித்து முடித்ததும் டாக்டர் எழுந்தார். "ரெண்டு மணி ரவுண்ட்ஸ்ல அந்தக் கட்டில்கிட்ட நான் நிக்கவே இல்லை. தூங்கறாங்கன்னு தாண்டிப் போயிட்டேன். அதையும் சேர்த்துக்கங்க சிஸ்டர்" என்றார். அடுத்து அந்தச் சின்ன நர்ஸ் எழுந்து, பிரஷர் மட்டும் பார்த்ததையும், போர்வையை விலக்கிப் பார்க்காததையும் சொன்னாள். லேபில் இருந்தவர் எழுந்து, ரத்த குரூப் எழுதிய சீட்டைத் தேடவே பத்து நிமிடம் ஆனது என்றார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

செகரட்டரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இப்பிடி ஆளாளுக்கு எந்திரிச்சுத் தப்பு என்னுதுன்னு சொன்னா, நான் யாரு மேலங்க நடவடிக்கை எடுக்கறது?" என்றார்.

அன்று முதல் தடவையாக ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் இடத்துக்கு அனுபவமுள்ள ஒருவரைக் கீழிருந்து அனுப்பப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். மலைக்கு ஏறி வர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் நானே தொடர்ந்தேன். சின்ன நர்ஸின் பெட்டி அவிழ்க்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கைகளும் தொடர்ந்தன.

படிக்கட்டு அட்டையை எடுத்துவிட்டேன். நோயாளியிடம் ஏதாவது சரியில்லை என்று பட்டால், யார் வேண்டுமானாலும் எந்தக் கதவையும் தட்டாமல் திறந்து உள்ளே வரலாம் என்று சொன்னேன். முதல் சில மாதங்கள் பெரிய தொல்லையாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஓடி வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரைப் பெருக்குகிறவர் கூப்பிட்டுக்கொண்டு போனார். அங்கே நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை முறைத்தார். ஆனாலும் யாரையும் திட்டக் கூடாது என்று இருந்தேன். எப்போதாவது ஒன்று உண்மையாக இருந்தது. அதற்கு அந்தத் தொல்லை தகும்.

அந்த ஆயாவுக்கும் எனக்கும் இடையே நெருக்கமெல்லாம் ஏற்படவில்லை. அவள் என்னைப் பாராட்டவும் இல்லை, மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. எப்போதும் போல வந்தாள், வேலை செய்தாள், போனாள். ஒரே ஒரு நாள், வார்டில் இருந்தபோது நானாக அவளிடம், "அன்னைக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கோணும், கேக்கலை" என்றேன். "அதான் எல்லார் முன்னாடியும் படிச்சீங்களே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து, தேயிலையை நம்பி இனிப் பயனில்லை என்று அவள் குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிப் போனது. அவளும் போனாள். வேலையை விட்டு நின்ற அன்று, லினன் கணக்கைச் சரியாக ஒப்படைத்தாள்.

நான் ஓய்வு பெறும் முன் சில வருடங்கள், வேறு சிறிய ஆஸ்பத்திரிகளில் புதிதாகப் பொறுப்புக்கு வரும் நர்சுகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். கேட்டவர்கள் பெரும்பாலும் பதினான்கு நிமிடத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்டார்கள். எனக்கு அந்த நிமிடங்களைவிட மறுநாள் காலை எழுதிய அரைப் பக்கம்தான் உறுத்துகிறது. அன்று அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தால், நாளடைவில் நடந்தது அவ்வளவுதான் என்று நானே நம்பியிருப்பேன், இன்னும் பல வருடம் அதே நம்பிக்கையோடு ஓர் ஆஸ்பத்திரியை நடத்தியும் இருப்பேன் என்ற நினைப்பு இன்றும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.